மஸ்டாங், கமாரோ, சேலஞ்சருக்கு மாற்று எஞ்சின்: கிரேட் எஞ்சின் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

நண்பரின் 2013 மஸ்டாங் ஜிடியை லிஃப்டில் ஏற்றி ஆயிலை வடித்தபோது, டிரேயில் விழுந்த எண்ணெய் ஜிகினா கலந்ததுபோல மினுங்கியது. டார்ச் அடித்துப் பார்த்தவர்கள் யாரும் கொஞ்ச நேரம் வாய் திறக்கவில்லை. டைமிங் கவரைக் கழற்றினால், ஆயில் பம்பின் உள்சக்கரம் மூன்று துண்டு. பம்ப் உடைந்த பிறகும் சில விநாடிகள் எஞ்சின் உச்ச வேகத்தில் ஓடியிருக்கிறது. பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டுதான் கிராங்க்; பேரிங்குகள் அதோடு தேய்ந்து கரைந்துவிட்டன. நாங்கள் இதைப் பார்த்துக்கொண்டு நிற்க, காரின் சொந்தக்காரர் செல்போனில் ஆயிரம் குதிரைத்திறன் எஞ்சின் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மச்சி, எப்படியும் மாத்தத்தான் போறோம். பெருசாவே ஒண்ணு போட்டுடலாமா?”

எஞ்சின் போன எல்லோரும் கேட்கிற கேள்விதான். நான் இருப்பது டெட்ராய்ட் பக்கம். ஒவ்வொரு ஆகஸ்டிலும் உட்வர்ட் அவென்யூவில் பழைய காரும் புதுக் காரும் மைல் கணக்கில் ஊர்ந்துபோகும் திருவிழாவுக்கு முந்தைய மாதங்களில், இந்தக் கேள்வியைக் கேட்காமல் ஒரு வாரம் போவது அபூர்வம். என் பதில் எப்போதும் ஒன்றுதான்: குதிரைத்திறனைக் கடைசியில் பார். அந்தக் காரின் கம்ப்யூட்டர், கியர்பாக்ஸ், புகைச் சட்டம் மூன்றும் எந்த எஞ்சினை ஏற்றுக்கொள்ளும் என்பதை முதலில் பார்.

கிரேட் எஞ்சின் என்றால் பெரிய விஷயமில்லை. தொழிற்சாலையிலேயே கோத்து, சோதித்து, மரப்பெட்டியில் வைத்து அனுப்பும் புது எஞ்சின். பெட்டிக்கு ஆங்கிலத்தில் கிரேட் (crate) என்று பெயர், அதனால் இந்தப் பெயர். 1960களின் காருக்கு இதை வாங்குவது சுலபம். கம்பி நாலு, கார்பரேட்டர் ஒன்று, வேலை முடிந்தது. 2005க்குப் பிந்தைய மஸ்டாங்கோ, 2010க்குப் பிந்தைய கமாரோவோ, 2008இல் திரும்பி வந்த சேலஞ்சரோ அப்படி இல்லை. இவற்றில் எஞ்சின், கியர்பாக்ஸ், பிரேக், ஸ்டீயரிங் என எல்லாக் கம்ப்யூட்டர்களும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருக்கின்றன. நடுவில் ஒன்று பாஷை தெரியாமல் நின்றால் மற்றவை எல்லாம் அடம்பிடிக்கும்.

படி 1: பழைய எஞ்சின் ஏன் செத்தது?

இதைக் கண்டுபிடிக்காமல் புதுசு வாங்கக் கூடாது. எஞ்சினைக் கொன்ற காரணம் பல நேரங்களில் காரிலேயே மிச்சமிருக்கும். புதுசையும் அதுவே கொல்லும்.

ஃபோர்டு மஸ்டாங்கின் 5.0 லிட்டர் கோயோட்டி எஞ்சினில் ஆயில் பம்ப் கிராங்கின் மூக்கிலேயே உட்கார்ந்திருக்கிறது. கிராங்க்தான் நேராக அதைச் சுற்றுகிறது. சக்கரம் உலோகப் பொடியை அழுத்திச் சூடேற்றிச் செய்தது. சாதாரண ஓட்டத்துக்குத் தாராளமாகப் போதும். காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் சூப்பர்சார்ஜர் போட்டு, சிவப்புக் கோட்டில் வேக வரம்பை (லிமிட்டரை) அடித்து அடித்து ஓட்டினால் கிராங்கின் அதிர்வு நேராக அந்தச் சக்கரத்தில் இறங்கும், ஒருநாள் பிளந்துவிடும். நண்பரின் காரில் நடந்தது இதுதான். அப்படிப்பட்டவர் அதே பம்ப் உள்ள புது எஞ்சினை வாங்கி அதே சூப்பர்சார்ஜரை மாட்டினால், இரண்டாவது எஞ்சினுக்கும் இப்போதே நாள் குறித்தாகிவிட்டது. உருக்குக் கட்டியிலிருந்து கடைந்தெடுத்த பம்ப் சக்கரமும் கிராங்க் பல்சக்கரமும் எஞ்சின் வெளியில் இருக்கும்போதே போட்டுவிட வேண்டும். வண்டிக்குள் ஏறிய பிறகு அதே வேலைக்கு முன்பக்கம் முழுவதையும் பிரிக்க நேரும்.

டாட்ஜ் சேலஞ்சரின் ஹெமி எஞ்சினில் கதை வேறு. வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டின்மேல் உருளும் லிஃப்டர்களில் ஒன்றின் உருளை சிக்கிக்கொள்ளும். உருள்வது நின்று கேமை அரம்போல அராவும். ஆரம்பத்தில் டிக் டிக் என்று ஒரு சத்தம்தான். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு போல்ட் உடைந்தாலும் இதே மாதிரி டிக் சத்தம் வரும் என்பதால், சத்தத்தை மட்டும் கேட்டு எஞ்சின் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். போல்ட் உடைந்த சத்தம் எஞ்சின் சூடானதும் பெரும்பாலும் குறையும். 2009க்கு முந்தைய 5.7 ஹெமியில், அதாவது அந்தக் கால டாட்ஜ் சார்ஜர் கார்களில், சூடேறினால் வால்வ் சீட் கழன்று விழும் வியாதியும் உண்டு.

ஜெனரல் மோட்டார்ஸின் செவர்லே பக்கம் வந்தால், ஆட்டோமேட்டிக் கமாரோ எஸ்எஸ் கார்களில் வந்த எல்99 எஞ்சின் மெதுவாகப் போகும்போது நான்கு சிலிண்டர்களை அணைத்துப் பெட்ரோல் மிச்சம் பிடிக்கும். அதற்காகவே செய்த விசேஷ லிஃப்டர்கள்தான் அதன் பலவீனம். கமாரோ இசட்/28இல் வந்த 7 லிட்டர் எல்எஸ்7இல் எக்ஸாஸ்ட் வால்வ் கைடு தேய்ந்து, வால்வே முறிந்து பிஸ்டன்மேல் விழுந்த கதைகள் ஏராளம்.

காரணம் எதுவானாலும், உலோகத்தூள் ஆயிலோடு ஊரெல்லாம் சுற்றியிருக்கும். ஆயில் கூலர் இருந்தால் அதைக் கழுவ முயலாதீர்கள், தூக்கிப் போட்டுப் புதுசு போடுங்கள். அதன் மெல்லிய பாதைகளுக்குள் ஒளிந்திருக்கும் தூள் எந்தக் கெமிக்கலுக்கும் முழுதாக வெளியே வராது. உடைந்த வால்வின் துணுக்கு இன்டேக் மேனிஃபோல்டுக்குள் துள்ளிப் போய் உட்கார்ந்திருக்கலாம், அதையும் கழற்றித் தட்டிப் பாருங்கள்.

பலரும் மறப்பது கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை. பழைய எஞ்சின் மிஸ்ஃபயர் ஆகி எரியாத பெட்ரோலைத் தள்ளியிருந்தால் உள்ளே இருக்கும் தேன்கூடு உருகி அடைத்திருக்கும். புது எஞ்சின் மூச்சுவிட வழியில்லாமல் சூடேறும். விளக்கு அடித்து உள்ளே பாருங்கள். கையில் எடுத்து உலுக்கினால் கலகலவென்று சத்தம் வந்தால் மாற்றியே ஆக வேண்டும்.

படி 2: உங்கள் காரில் என்ன எஞ்சின் என்பதை உறுதிசெய்யுங்கள்

சிரிக்காதீர்கள். கமாரோ எஸ்எஸ் வைத்திருந்த ஒருவர் தன் காரில் எல்எஸ்3 என்றே பல வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அது ஆட்டோமேட்டிக், உள்ளே இருந்தது எல்99.

விண்ட்ஷீல்டின் இடப்பக்க மூலையில் இருக்கும் 17 எழுத்து வின் எண்ணில், அதாவது காரின் அடையாள எண்ணில், எட்டாவது எழுத்தைப் பாருங்கள். 2010 கமாரோ எஸ்எஸ்ஸில் அது ‘ஜே’ என்றால் எல்99, ‘டபிள்யூ’ என்றால் எல்எஸ்3. 2011 முதல் 2014 வரையிலான மஸ்டாங்கில் ‘எஃப்’ என்றால் 5.0. ஆரம்பகாலச் சேலஞ்சர் ஆர்/டியில் ‘டி’ (T) என்றால் 5.7 ஹெமி. கார் ஏற்கெனவே கை மாறியிருந்தால் இதையும் முழுசாக நம்பக் கூடாது. இடையில் யாராவது எஞ்சினை மாற்றியிருக்கலாம். பிளாக்கில் அச்சிட்ட எண்ணையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

படி 3: கம்ப்யூட்டருக்குத் தெரிந்த எஞ்சின் எது?

பணம் அதிகம் வீணாவது இங்கேதான். கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

கோயோட்டி என்று பொதுவாகச் சொன்னாலும் அது ஒரே எஞ்சின் அல்ல. 2011 முதல் 2014 வரை முதல் தலைமுறை, முதலில் 412 குதிரைத்திறன், கடைசி இரண்டு வருடம் 420. 2015 முதல் 2017 வரை இரண்டாவது, 435. 2018 முதல் 2023 வரை மூன்றாவது, 460. மூன்றுக்கும் வெளித்தோற்றம் கிட்டத்தட்ட ஒன்றுதான். கொள்ளளவும் எல்லோரும் ‘ஐந்து லிட்டர்’ என்றுதான் சொல்வார்கள். உள்ளே மூன்றும் வேறு.

இரண்டாம் தலைமுறையில் கேம் ஃபேஸர், அதாவது வால்வ் திறக்கும் நேரத்தை மாற்றும் கருவி, நடுவில் பூட்டிக்கொள்ளும் வகை. 2013 காரின் கம்ப்யூட்டருக்கு அந்தப் பூட்டைத் திறக்கத் தெரியாது. அதனால் 2015 எஞ்சினை 2013 காரில் இறக்குபவர்கள் பழைய ஃபேஸர்களைக் கழற்றி மாற்றுகிறார்கள், இன்டேக்கையும் பழசே போடுகிறார்கள். செய்யக்கூடிய வேலைதான், ஆனால் விலை விசாரிக்கும்போது இதையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் தலைமுறையில் மாற்றம் இன்னும் பெரிது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு இன்ஜெக்டர். ஒன்று பழைய மாதிரி இன்டேக் வழியில், இன்னொன்று நேராகச் சிலிண்டருக்குள். கம்ப்ரஷன், அதாவது காற்றை எத்தனை மடங்கு சுருக்குகிறது என்ற கணக்கு, 12:1. வார்ப்பு லைனருக்குப் பதிலாகச் சிலிண்டர் சுவரில் உருகிய உலோகத்தைத் தெளித்துப் படலம் போட்டிருக்கிறார்கள். நேரடி இன்ஜெக்டருக்கு உயர் அழுத்தப் பம்ப் வேண்டும், அதை ஆட்டிவைக்கக் கம்ப்யூட்டருக்குத் தெரிய வேண்டும். 2013 காரில் இரண்டும் இல்லை.

கமாரோவில் கோடு இன்னும் தெளிவாக இருக்கிறது. 2010 முதல் 2015 வரை எல்எஸ் குடும்பம், 2016 முதல் 2024 வரை எல்டி குடும்பம். எஸ்எஸ்ஸில் இரண்டும் 6.2 லிட்டர், இரண்டும் வி8. ஒன்றின் ஹெட்டும் இன்டேக்கும் மற்றதில் உட்காராது. எல்டியில் உயர் அழுத்தப் பெட்ரோல் பம்பைக் கேம்தான் அழுத்துகிறது. எல்எஸ்3 மலிவாகக் கிடைக்கிறதே என்று 2017 கமாரோவுக்கு வாங்கினால் வயரிங்கிலேயே ஒரு வருடம் ஓடிவிடும்.

எல்99 போன ஆட்டோமேட்டிக்கில் எல்எஸ்3 போடலாமா என்பார்கள். போடலாம், நிறையப் பேர் போட்டிருக்கிறார்கள். சிலிண்டர் அணைக்கும் வேலையையும் கேம் நேரத்தை மாற்றும் வேலையையும் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவிட்டுப் புதிதாக ட்யூன், அதாவது எஞ்சினை நடத்தும் மென்பொருள் அமைப்பு, ஏற்ற வேண்டும். அந்தத் தொல்லை பிடித்த லிஃப்டர்கள் ஒழிந்தன என்பதே தனி லாபம்.

டாட்ஜில் 5.7 இருந்த இடத்தில் 6.4 லிட்டர், அதாவது 392 கன அங்குல எஞ்சின், உட்காருவது சுலபம். இரண்டும் ஒரே குடும்பம், வெளி அமைப்பும் ஒன்று. ஆனால் 392இன் இன்டேக்கில் நீளம் மாறும் குழாய்கள் இருக்கின்றன. அவற்றைத் திறந்து மூடும் வால்வைக் கம்ப்யூட்டர்தான் இயக்க வேண்டும். 2015 முதலான கார்களில் எஞ்சின் கம்ப்யூட்டர் பூட்டியே வருகிறது; ட்யூன் ஏற்றும் முன் அதைக் கழற்றி அனுப்பித் திறந்து வாங்க வேண்டும், அல்லது திறந்ததை மாற்றி வாங்க வேண்டும். 2018 முதல் வெளிக் கருவிகளைத் தடுக்கும் செக்யூரிட்டி கேட்வே ஒன்றும் கூடுதலாக நடுவில் நிற்கிறது. எஞ்சின் ஆர்டர் போடுவதற்கு முன்பே ட்யூன் போடுபவரிடம் பேசுங்கள். வருடத்தையும் பார்ட் நம்பரையும் சொன்ன மாத்திரத்தில் ‘முடியும்’ என்பாரா, ‘பார்க்கலாம்’ என்பாரா என்று கவனியுங்கள். ‘பார்க்கலாம்’ என்றால் உங்கள் கார்தான் அவருக்குப் பாடப்புத்தகம்.

படி 4: சட்டம்

அமெரிக்காவில் தெருவில் ஓடும் காருக்கு எந்த எஞ்சினையும் போட்டுவிடலாம் என்று நினைப்பவர்கள் நிறைய. தூய காற்றுச் சட்டப்படி, சான்றிதழ் பெற்ற காரின் புகைக் கட்டுப்பாட்டை மாற்றுவது சட்டவிரோதம். மிச்சிகனில் வருடாவருடம் புகைப் பரிசோதனை இல்லை, அதனால் இங்கே யாரும் கேட்பதில்லை. கேட்பதில்லை என்பதற்காகச் சட்டம் இல்லை என்றாகிவிடாது. காரை வேறு மாநிலத்துக்காரருக்கு விற்கப்போகும் நாளில் அது வந்து நிற்கும்.

கலிபோர்னியாதான் கண்டிப்பு. அங்கே போடும் எஞ்சின் காரின் வருடத்துக்குச் சமமாகவோ புதிதாகவோ இருக்க வேண்டும். அந்த எஞ்சினோடு வந்த புகைக் கட்டுப்பாட்டுச் சாமான்கள் அத்தனையும் கூடவே வர வேண்டும். டிரக்குக்கென்று சான்றிதழ் பெற்ற எஞ்சினைக் காரில் போட விடமாட்டார்கள். கடைசியில் ரெஃப்ரி எனப்படும் பரிசோதகர் பார்த்து முத்திரை ஒட்டுவார். 2021 ஜூலை முதல், கம்ப்யூட்டரில் இருக்கும் மென்பொருள் தொழிற்சாலை மென்பொருளா அனுமதி பெற்றதா என்பதையும் பார்த்து ஃபெயில் செய்கிறார்கள். ‘ட்யூனிலேயே செக் எஞ்சின் விளக்கை அணைத்துவிடலாம்’ என்ற பழைய தந்திரம் இனிச் செல்லாது.

இங்கேதான் பளபளப்பான கிரேட் எஞ்சின்களின் சாயம் வெளுக்கும். டாட்ஜ் குழுமத்தின் உதிரிபாகப் பிரிவான மோப்பார் விற்ற ஹெமி கிட்டுகள் 1976க்கு முந்தைய கார்களுக்கு என்றே அறிவித்து விற்கப்பட்டவை. 2018இல் காட்டிய ஹெல்லிஃபன்ட் 426 கன அங்குலம், சூப்பர்சார்ஜரோடு 1000 குதிரைத்திறன். 2019 ஏப்ரல் 26இல், 4/26 என்ற தேதிக்காகவே காத்திருந்து, 29,995 டாலருக்கு விற்பனையைத் திறந்தார்கள். இரண்டே நாளில் தீர்ந்துபோனது. நண்பர் செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான். அவர் கார் ஃபோர்டு என்பதை அப்போது யாரும் அவருக்கு நினைவூட்டவில்லை.

செவர்லேயின் ஈ-ராடு தொகுப்புகள் வேறு ரகம். எஞ்சினோடு கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், ஆக்சிஜன் சென்சார், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்த்துப் பழைய காரில் சட்டப்படி போடுவதற்கென்றே செய்தவை. 2012 கமாரோ வைத்திருப்பவருக்கு அது தேவையில்லை. தொழிற்சாலையில் இருந்த அதே எஞ்சினை மறுபடி போட்டு, பழைய சாமான்கள் எல்லாவற்றையும் அப்படியே மாட்டிவிட்டால் சட்டம் கேட்கும் எதையும் மீறியதாகாது. சட்டத்தலைவலி மிகக் குறைந்த வழி அது.

படி 5: புதுசா, மறுசீரமைத்ததா, யார்டு எஞ்சினா?

நம்மூர்ப் பட்டறைகளில் ‘ஆஃப் எஞ்சின்’ என்பார்களே, பிளாக், கிராங்க், ராடு, பிஸ்டன் மட்டும், இங்கே அதற்குப் பெயர் ஷார்ட் பிளாக். ஹெட்டும் கேமும் சேர்ந்தால் லாங் பிளாக். இன்டேக், இன்ஜெக்டர், காயில் எல்லாம் சேர்ந்தால் கம்ப்ளீட். கிரேட் எஞ்சின் என்று விளம்பரம் போட்டு லாங் பிளாக்கை விற்பவர்கள் உண்டு. பட்டியலைப் படிக்காமல் விலையை மட்டும் பார்த்தால் ஏமாறுவது உறுதி. ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரஸர் பெரும்பாலும் வராது. உங்கள் பழசையே மாட்டிக்கொள்ளலாம்.

தொழிற்சாலைப் புது எஞ்சின் உங்கள் வருடத்துக்கு இன்னும் கிடைக்கிறது, கையில் காசும் இருக்கிறது என்றால் யோசிக்க வேண்டாம். செவர்லே கிரேட் எஞ்சினுக்கு 24 மாதம் அல்லது 50,000 மைல் உத்தரவாதம் தருகிறது.

மறுசீரமைத்த எஞ்சினை ‘போர் போட்டது’ என்று மட்டமாக நினைக்க வேண்டாம். நல்ல இடத்தில் செய்தால் சிலிண்டரைக் கடைந்து, கிராங்கைச் சாணை பிடித்து, அந்த மாடலின் பிறவிக் குறையையும் சரிசெய்து தருவார்கள். புது எஞ்சின் அதே குறையோடுதான் வரும் என்பதை மறக்காதீர்கள். இந்தியானாவின் ஜாஸ்பர் போன்ற பெரிய நிறுவனங்கள் 3 வருடம் அல்லது 1,00,000 மைல் உத்தரவாதம் தருகின்றன. ஆனால் பெயர் தெரியாத இடங்களும் இதே வார்த்தையைத்தான் பயன்படுத்துகின்றன. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “என்னென்ன பாகம் புதுசு? எழுதித் தர முடியுமா?” எழுதித் தரத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள்.

யார்டு எஞ்சின், அதாவது விபத்தான காரிலிருந்து எடுத்தது, மலிவு. அதோடு வயரிங், கம்ப்யூட்டர், கியர்பாக்ஸ் எல்லாம் ஒரே காரிலிருந்து சேர்ந்து வந்தால் சில நேரம் அதுவே புத்திசாலித்தனமான கொள்முதல். காரின் வின் எண்ணைக் கேட்டு வாங்கி மைலேஜைச் சரிபாருங்கள். எஞ்சின் ஓடும் வீடியோ கேளுங்கள். ஆயில் மூடியைத் திறந்து உள்ளே தார் மாதிரி படிந்திருக்கிறதா பாருங்கள். சிலிண்டரில் காற்றை அடைத்து எவ்வளவு கசிகிறது என்று பார்க்கும் லீக்-டவுன் சோதனை செய்ய விடாதவரிடம் பேரம் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம். எனக்கே ஒருமுறை ‘ஐம்பதாயிரம் மைல்’ என்று சொல்லி வந்த எஞ்சினில் ஸ்பார்க் பிளக் மரை கழன்று கையோடு வந்தது.

படி 6: இப்போது குதிரைத்திறனுக்கு வரலாம்

மேலே உள்ள வடிகட்டிகளில் தேறி வந்தவற்றில் எது வேண்டும் என்று இப்போது கேட்கலாம்.

கோயோட்டிக்காரர்களுக்கு ஃபோர்டு பெர்ஃபாமன்ஸின் அலுமினேட்டர் வரிசை உண்டு. அடித்து உருவாக்கிய பிஸ்டன், பலமான ராடு. ஆரம்பத்தில் வந்தவற்றில் இரண்டு வகை: 11:1 கம்ப்ரஷனில் சூப்பர்சார்ஜர் இல்லாத சாதாரண மூச்சுக்கு, 9.5:1 கம்ப்ரஷனில் சூப்பர்சார்ஜருக்கு. சூப்பர்சார்ஜர் இல்லாமல் 9.5:1 எஞ்சினை வாங்குவது தண்டம். கார் முன்பைவிட மந்தமாகும். மஸ்டாங்கின் அதிவேக வகையான ஷெல்பி ஜிடி500இன் 5.2 லிட்டர் சூப்பர்சார்ஜ்டு எஞ்சின், 760 குதிரைத்திறன், பெட்டியில் கிடைக்கிறது. அதை இறக்கினால் கியர்பாக்ஸ், ரேடியேட்டர், பெட்ரோல் பம்ப், பின் ஆக்சில், பானட் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போய், கடைசியில் ஒரு ஜிடி500ஐ அதன் விலையைவிட அதிகம் கொடுத்து வீட்டிலேயே தயாரித்திருப்பீர்கள். 7.3 லிட்டர் காட்ஸில்லா பிக்கப் டிரக்குக்குப் பிறந்தது, இரும்பு பிளாக், கனம். பழைய ட்ரக்கில் அருமை. மஸ்டாங்கில் எனக்கு அதன் தேவை புரிவதில்லை.

ஐந்தாம் தலைமுறை (2010 முதல் 2015 வரை) கமாரோவுக்கு 430 குதிரைத்திறன் எல்எஸ்3தான் என் முதல் தேர்வு. உதிரி பாகம் எந்த ஊரிலும் கிடைக்கும், தெரியாத மெக்கானிக் கிடையாது. அதே எஞ்சினில் சூடான கேம் போட்டு 525 தரும் வகையும் செவர்லே விற்கிறது. ஐடிலில் அது தரும் குலுக்கல் முதல் வாரம் இனிக்கும், மழைநாள் டிராபிக்கில் கசக்கும். கமாரோ இசட்எல்1இல் வந்த சூப்பர்சார்ஜ்டு எல்எஸ்ஏ 580. அதற்கு ஆசைப்பட்டால் கிராங்கின் பின்பக்கத்தைக் கவனியுங்கள்: எல்எஸ்3இல் ஆறு போல்ட், எல்எஸ்ஏவில் எட்டு. உங்கள் ஃப்ளைவீல் அங்கே உட்காராது.

ஆறாம் தலைமுறைக்கு (2016 முதல் 2024 வரை) எல்டி1. வாங்கும்போது வெட் சம்ப்பா (ஆயில் எஞ்சினின் அடித்தட்டிலேயே நிற்பது) டிரை சம்ப்பா என்று கேளுங்கள். டிரை சம்ப் கார்வெட்டுக்கு வந்தது. அதற்குத் தனி ஆயில் டேங்கும் குழாய்களும் வேண்டும். கமாரோ எஸ்எஸ்ஸில் அவற்றுக்கு இடமே ஒதுக்கவில்லை.

சேலஞ்சரில் 5.7 போனவர்களுக்கு 392 ஒன்றே நான் தயங்காமல் சொல்லும் ஏற்றம். 2015 முதல் 485 குதிரைத்திறன், சூப்பர்சார்ஜர் இல்லாமல். மேனுவல் கியர் என்றால் சிலிண்டர் அணைக்கும் தொல்லை இல்லாத வகையைத் தேடுங்கள். 707 குதிரைத்திறன் ஹெல்கேட் எஞ்சினை ஆர்/டியில் இறக்கியவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஒருவருக்கு முதல் மாதம் பின் ஆக்சில் போனது. அதை மாற்றிய பிறகு டிரைவ் ஷாஃப்ட். சேலஞ்சர் தயாரிப்பு 2023 டிசம்பரில் பிராம்ப்டன் ஆலையில் நின்றுவிட்டது. இனிமேல் பெரும்பாலும் யார்டில் கிடைப்பதுதான் கணக்கு, நல்ல 392க்கு ஆள் வரிசையில் நிற்கிறார்கள்.

படி 7: பணம், கோர், காகிதம்

எஞ்சின் விலையை எழுதி அதன் கீழே கேஸ்கட் செட், போல்ட், ஆயில், கூலன்ட், கிளட்ச், எஞ்சின் மவுண்ட், ட்யூன், லாரி வாடகை, கூலி எல்லாவற்றையும் எழுதுங்கள். மொத்தத்தைப் பார்த்து மயக்கம் வரவில்லை என்றால் எதையோ விட்டிருக்கிறீர்கள். எஞ்சின் வெளியே இருக்கும்போது கிளட்ச், பைலட் பேரிங், பின் சீல், மவுண்ட் நான்கையும் கட்டாயம் மாற்றுங்கள். அந்த நாளில் அவற்றின் கூலி சுழி.

கோர் என்பது பழைய எஞ்சினுக்கான ஈட்டுத்தொகை. பழசைத் திருப்பி அனுப்பினால் பணம் வரும். ராடு பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்திருந்தால் பல இடங்களில் ஒரு காசுகூடத் தரமாட்டார்கள். எத்தனை நாளுக்குள் அனுப்ப வேண்டும், பிளாக்கில் ஓட்டை இருந்தால் எவ்வளவு என்று ஆர்டருக்கு முன்பே மின்னஞ்சலில் வாங்கிவிடுங்கள்.

உத்தரவாதத்தில் இரண்டு வரி மட்டும் தேடுங்கள். கூலி உண்டா? சூப்பர்சார்ஜர் போட்டால் செல்லுமா? பெரும்பாலான சச்சரவுகள் இந்த இரண்டில்தான். யார் மாட்டினார்கள் என்ற ரசீதைக் கேட்கும் நிறுவனங்களும் உண்டு, ஆகவே வீட்டுக் கராஜில் வேலை செய்தாலும் வாங்கிய ஒவ்வொரு கேஸ்கட்டின் ரசீதையும் எடுத்து வையுங்கள்.

படி 8: பெட்டி வரும் நாளும் முதல் ஸ்டார்ட்டும்

லாரிக்காரர் அவசரப்படுத்துவார். கையெழுத்துப் போடும் முன் பெட்டியைத் திறந்து பாருங்கள். சம்ப் நசுங்கியிருக்கிறதா, சென்சார் ஏதாவது உடைந்திருக்கிறதா என்று பார்த்து, குறை இருந்தால் டெலிவரி சீட்டிலேயே எழுதி, போட்டோ எடுத்துவிடுங்கள். கையெழுத்துக்குப் பிறகு சொன்னால் நீங்கள்தான் கீழே போட்டீர்கள் என்பார்கள்.

எல்எஸ் எஞ்சினில் சம்ப்பை மாற்ற நேர்ந்தால், ஆயில் பிக்கப் குழாயின் ஓ-ரிங்கைக் கவனமாகப் போடுங்கள். மோதிரம் மாதிரி ஒரு சின்ன ரப்பர் வளையம். தவறான அளவிலோ வறண்டோ போட்டு இறுக்கினால் மடிந்துகொள்ளும், பம்ப் ஆயிலோடு காற்றையும் உறிஞ்சும், பிரஷர் குறையும். சில டாலர் வளையத்துக்காகப் பல ஆயிரம் டாலர் எஞ்சினைத் திரும்ப வெளியே எடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஆயிலை அதன் பாதையெங்கும் ஓடவிட வேண்டும். பெட்ரோலைத் துண்டித்து, பிளக்குகளைக் கழற்றி, கேஜில் பிரஷர் ஏறும்வரை ஸ்டார்ட்டரைச் சிறுசிறு தவணைகளாகச் சுற்றுங்கள். நடுவில் அது ஆறட்டும். காருக்கு எழுதியிருக்கும் ஆயில் கிரேடை மாற்ற வேண்டாம். ஸ்டார்ட் ஆனதும் ஐடிலிலேயே அரைமணி நேரம் விட்டு ரசிப்பதும் தப்பு. கசிவு இல்லை, சூடு சரி என்று பார்த்ததும் தெருவில் இறக்குங்கள். மிதமாக முடுக்கி, கியரிலேயே விட்டு வேகம் குறைத்து, மறுபடி முடுக்கி ஓட்டினால்தான் பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோடு உட்காரும். ஒரே வேகத்தில் ஹைவேயில் நூறு மைல் போவது இந்த வேலையைச் செய்யாது.

நண்பர் கடைசியில் முதல் தலைமுறை 5.0வையே, மறுசீரமைத்த லாங் பிளாக்காக வாங்கினார். கடைந்த பம்ப் சக்கரம் போட்டு, சூப்பர்சார்ஜர் கப்பியைப் பெரிதாக்கிக் காற்றழுத்தத்தைக் குறைத்தார். குறைத்ததில் இன்னமும் எங்கள்மேல் கோபம்தான். ஐந்நூறு மைல் ஓடியதும் ஆயிலை மாற்றி, பழைய ஃபில்டரின் தகரத்தை அறுத்து, உள்ளிருந்த மடிப்புத் தாளை வாசலில் வெயிலில் விரித்தோம். புது எஞ்சினில் முதல் ஃபில்டரில் மெல்லிய சாம்பல் படலம் வருவது சகஜம். காந்தத்தில் ஒட்டும் துணுக்கு வந்தால் கவலை. அவர் காந்தத்தை எடுத்து ஒவ்வொரு மடிப்பாக இழுத்துக்கொண்டு போனார். எட்டாவது மடிப்பில் ஒன்று ஒட்டியது. எல்லோரும் குனிந்து பார்த்தோம். தகரத்தை அறுத்தபோது சிதறிய பிசிறு.